சாலிம் அலியும் பரத்பூர் எருமைகளும்

பொருளியல் வகுப்பில் பொதுவளங்கள் குறித்துப் பாடம் நடத்திய ஆண்டுகளில், பறவையியலாளர் சாலிம் அலியின் வாழ்க்கையை நான் அடிக்கடி எடுத்துரைத்ததுண்டு. அவருக்கும் பொருளியலுக்கும் என்ன தொடர்பென்று மாணவர்கள் வியப்பார்கள்.

1896-ல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பம்பாயில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர் அவர். சிறுவனாகத் தாம் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துக் குருவியின் இனத்தை அறியும் ஆவலே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குக் கொண்டுசேர்த்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அவர், பெர்லினில் பயிற்சி பெற்றுத் திரும்பி, சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1941-ல் வெளியான அவரது இந்தியப் பறவைகள் நூலே பலருக்கும் பறவை நோக்குதலைக் கற்பித்தது.

ஆனால் என்னை ஈர்த்தது பரத்பூர் அத்தியாயம். மன்னரின் வேட்டைச் சதுப்பாக இருந்த அங்கே, 1938-ல் வைசிராய் லின்லித்கோவின் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. விடுதலைக்குப்பின் அதை வடித்து வயலாக்கும் கோரிக்கை எழுந்தபோது, நேருவை அணுகித் தடுத்தவர் சாலிம் அலி. சுமார் 29 சதுர கிலோமீட்டர் மட்டுமே கொண்ட கேவலாதேவ் இன்றும் நிலைத்திருப்பதில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

கால்நடைகளால் சதுப்பு கெடுகிறதென்று நம்பிய அவர், மேய்ச்சல் தடையை ஆதரித்தார். தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், 1982-ல் எருமைகள் வெளியேற்றப்பட்டன. மாற்று ஏற்பாடின்றி மேய்ச்சல் உரிமையை இழந்த கிராமத்தார் கிளர்ந்தெழுந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். பாதுகாப்பின் பயன் உலகுக்கு, விலை அண்டைக் கிராமங்களுக்கு. இப்பங்கீட்டை எந்தப் பாடநூலும் நியாயப்படுத்தாது என்பது என் கருத்து.

அடுத்து நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. மேய்ப்பாரற்ற நீர்ப்புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. இதைக் கண்டறிந்தது அவரது கழகமே நடத்திய பத்தாண்டு ஆய்வு. கூலி கேட்காத வேலையாட்களாக எருமைகள் இருந்துவந்ததை அது காட்டியது. தமக்கு உவப்பற்ற முடிவையும் வெளியிடும் ஆய்வு மரபை ஒரு நிறுவனத்தில் வளர்த்ததை, அவர் பெற்ற பத்ம விபூஷணைவிட மேலாகவே நான் மதிக்கிறேன். இறுதி அறிக்கை வருமுன், 1987 ஜூனில் அவர் காலமானார்.

பின்னர் கிராமத்தார் உள்ளே சென்று புல்லறுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர். எருமைகள் நீரில் நின்று மேய்ந்த புல்லை, மனிதர் அரிவாளால் அறுத்துச் சுமந்து வந்தனர்.