ஊறுகாய் லேபிலிருந்து நோபல் பரிசு வரை

மெக்கானிக்கல் படித்தவனுக்கு மருந்து ஆராய்ச்சியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு விஞ்ஞானியின் கதையைப் படித்தபோது நம்ம ஜூனியர்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவர் பெயர் கெர்ட்ரூட் எலியன். 1918-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா பல் டாக்டர். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் குடும்பம் நொடித்துப்போனது. பதினைந்து வயதில், பிரியமான தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் துடித்து இறப்பதைப் பார்த்தார். கெமிஸ்ட்ரி படிப்பது என்று அன்றைக்கே முடிவு. ஹன்டர் கல்லூரியில் ஃபீஸ் கிடையாது. அதனால்தான் படிக்கவே முடிந்தது.

1937-ல் டிகிரி கையில், வேலை இல்லை. ஒரு இன்டர்வியூவில், லேபில் பெண் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்! செக்ரட்டரி கோர்ஸில் சேர்ந்தார், நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தார், ஒரு லேபில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். பிறகு ஒரு மளிகைக் கம்பெனியில் ஊறுகாயின் புளிப்பையும், மயோனைஸில் முட்டைக் கருவின் நிறத்தையும் சோதிக்கும் உத்தியோகம். இதற்கு நடுவில், மணக்கவிருந்தவர் இதய உள்ளுறைத் தொற்றில் இறந்துபோனார். பென்சிலின் சில வருடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார். எலியன் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

உலகப் போரில் ஆண்கள் ராணுவத்துக்குப் போனதால் லேப் கதவுகள் திறந்தன. 1944-ல் பரோஸ் வெல்கம் கம்பெனியில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார். பகலில் வேலை, ராத்திரியில் ரயிலேறி புரூக்ளினில் பி.எச்டி. வகுப்பு. ரெண்டு வருஷம் கழித்து, வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படி, இல்லையேல் கிளம்பு என்றார் டீன். எலியன் வேலையைத் தேர்ந்தெடுத்தார். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

அந்த வேலையில் பிறந்ததுதான் 6-மெர்காப்டோபியூரின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில மாதங்களே வாழ்ந்த காலம் அது. 1953-ல் மருந்து அனுமதி பெற்றது. தனியாகக் கொடுத்தால் நோய் திரும்பி வந்தது. பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பதால் இன்று பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு அசாதயோப்ரின், கௌட் நோய்க்கு அல்லோபியூரினால் என்று வரிசையாக வந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது வைரஸ் விஷயம். 1948-லேயே இவர்களது ஒரு ரசாயனம் வைரஸைத் தடுப்பது தெரிந்தது. ஆனால் உடம்புக்கு விஷம். வைரஸ் நம் செல்லுக்குள் குடியிருந்துகொண்டு நம் சாமான்களையே உபயோகிக்கிறது. அதை மட்டும் எப்படி அடிப்பது? முடியாது என்றே பலரும் நம்பினார்கள். எலியன் இருபது வருடம் பொறுத்திருந்து, 1968-ல் மறுபடி கையில் எடுத்தார். சகா ஹோவர்ட் ஷேஃபர் போன்றவர்களின் உழைப்போடு உருவானது அசைக்ளோவிர். நாம் அக்கி என்கிறோமே, அதற்கு டாக்டர் எழுதித் தருவது இதைத்தான்.

இது வேலை செய்யும் விதம் என்ஜினீயருக்கு விருந்து! மருந்து தூங்கிக்கொண்டே செல்லுக்குள் போகிறது. அதை எழுப்புவது ஹெர்பிஸ் வைரஸின் சொந்த என்சைம். நல்ல செல்லில் அந்த என்சைம் இல்லை. அதனால் அங்கே மருந்து தூங்கியபடியே வெளியேறிவிடும். எழுந்த மருந்தை வைரஸ் தன் டி.என்.ஏ. சங்கிலியில் கோர்த்துக்கொள்கிறது. அது ஒரு பக்கம் மட்டும் கப்ளிங் உள்ள ரயில் பெட்டி மாதிரி. பின்னால் அடுத்த பெட்டியை மாட்ட முடியாது. வண்டி அங்கேயே நின்றுவிடும். இந்த வழிமுறை 1977-ல் வெளியானது.

1983-ல் ஓய்வு பெற்றார். அவர் வளர்த்த குழுதான் அடுத்த சில வருடங்களில் எய்ட்ஸுக்கு ஏ.இசட்.டி. பயன்படும் என்று கண்டறிந்தது. 1987-ல் அனுமதியும் கிடைத்தது. 1988-ல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் இருவருடன் நோபல் பரிசு. புரூக்ளின் கல்லூரி 1989-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!

ஓய்வுக்குப் பிறகும் டியூக் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு ஒரு மருத்துவ மாணவரை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்தார். 1999 பிப்ரவரியில், 81 வயதில் காலமானார்.