கார்ல் பிரடெரிக் கௌஸ்

ஜெர்மனி தேசத்துப் பிரன்ஸ்விக் நகரில், தோட்டவேலையும் கொற்றுவேலையும் செய்து குடும்பம் காத்த ஓர் ஏழையின் மனையில் 1777ஆம் ஆண்டு தோன்றியவர் கௌஸ். அன்னையார் எழுத அறியாதவர். ஆதலின் மகன் பிறந்த நாளை எங்கும் குறித்துவைத்தாரில்லை. பரமேறுதல் திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்பதொன்றே அவர் நினைவில் நின்றது. மகனாரோ பின்னாளில், எவ்வாண்டிலும் ஈஸ்டர் திருநாள் எந்நாளில் வருமென்று காணும் கணக்குமுறை ஒன்றை வகுத்து, தாம் பிறந்தது ஏப்ரல் 30ஆம் நாள் என்று தெளிந்தார்.

வறுமை அவர் கல்வியைக் கெடாதவாறு காத்தவர் பிரன்ஸ்விக் கோமகன். அவர் ஈந்த பொருளால் 1795ஆம் ஆண்டு கெட்டிங்கன் சர்வகலாசாலையிற் புகுந்த கௌஸ், மறு ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள், கோலும் வட்டக்கருவியுமே கொண்டு 17 சமபக்கமுடைய உருவத்தை வரையலாகும் என்று கண்டார். யூக்ளிட் காலந்தொட்டு இரண்டாயிரம் ஆண்டாக எவருங் காணாதது அது. அப்பொழுது அவர்க்கு வயது 19 நிரம்பவில்லை. இதனை நினைக்குந்தோறும் அவ்வயதினராகிய எமக்கு நாணமும் ஊக்கமும் ஒருங்கே எழுகின்றன.

அவர் கையாண்ட வழியைச் சற்று நின்று காண்டல் வேண்டும். 3ஐ 3ஆல் மேன்மேலும் பெருக்கி, ஒவ்வொரு படியிலும் 17ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்க. 3, 9, 10, 13, 5, 15, 11 எனத் தொடர்ந்து, 16 படிகளில் 1 முதல் 16 வரையுள்ள எண் யாவும் ஒவ்வொரு முறை வந்து முடியும்; வரிசை மட்டும் கலைந்திருக்கும். 11 நிற்பது ஏழாம் படி. இப்படியெண்ணைச் சுட்டெண் என்னலாம். 1801ஆம் ஆண்டு லத்தீன் மொழியில் வெளியிட்ட எண்ணாராய்ச்சி நூலில், நூற்றுக்குட்பட்ட பகா எண்களுக்குச் சுட்டெண் அட்டவணையும் சேர்த்தார். கணக்கிடுவார்க்கு உழைப்புக் குறைதல் அதன் பயன்.

அவ்வாண்டே, கண்ணுக்கு மறைந்துபோன சீரிஸ் என்னும் சிறு கோளின் நெறியைக் கணித்துக்கொடுத்துப் புகழ்பெற்றார். 1807இல் கெட்டிங்கன் வானிலையத் தலைவரானார். 1833இல் வெபர் என்னும் பௌதிகப் பேராசிரியரோடு கூடி, ஊர்க் கூரைகளின் மேலாகக் கம்பி கட்டி மின்சாரத்தாற் செய்தி போக்கினார். முற்றப் பழுக்காத ஆராய்ச்சியை அச்சேற்ற விரும்பாத அப்பெரியார் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் காலமானார்.

கம்பிவழிச் செய்தி பெருகிய பின், இடைநின்று கேட்பாரிடமிருந்து அதனைக் காத்தல் பெருங்கவலையாயிற்று. 1976ஆம் ஆண்டு அமெரிக்க தேசத்து டிபியும் ஹெல்மனும் இதற்கொரு வழி வெளியிட்டனர். ஒருவர் 6ஐயும் மற்றவர் 7ஐயும் மனத்துள் ஒளிக்கின்றனர் என்க. முன்னவர் ஆறாம் படியிலுள்ள 15ஐயும், பின்னவர் ஏழாம் படியிலுள்ள 11ஐயும் ஊரறிய அனுப்புவர். வந்த 11ஐ முன்னவர் ஆறு முறை அடுக்கிப் பெருக்குவார். 15ஐப் பின்னவர் ஏழு முறை பெருக்குவார். 17ஆல் வகுத்த மீதி இருவர்க்கும் 8. அதுவே அவர்தம் திறவுகோல். இடையிற் கேட்டவன் 15, 11 இரண்டும் அறிவான். 8ஐ அறிதற்குச் சுட்டெண் வேண்டும்.

17க்குக் கௌஸ் தந்த அட்டவணை போதும். 600 இலக்கமுடைய பகா எண்ணுக்கோ அட்டவணை எழுத இவ்வுலகம் இடங்கொள்ளாது. உழைப்பைக் குறைக்க எழுந்த கருவி, உழைத்தும் திறக்கவொண்ணாத பூட்டாயிற்று.

ஆயினும் அச்சுட்டெண்ணைக் காண்டல் அரிதென்பதை எவரும் நிரூபித்தாரல்லர். வல்லார் பலர் முயன்று தோற்றமையே அப்பூட்டின் வலிமை. நிரூபணத்தை உயிரெனப் போற்றிய கௌஸ் இதனைக் கேட்டிருப்பின் முகஞ்சுளித்திருப்பார் என்பது எம் எண்ணம். 1994இல் பீட்டர் ஷோர் என்பார், போதிய அளவுடைய குவாண்டம் கணிப்பொறி அமையுமாயின் இவ்வருமை நீங்கிவிடும் என்று காட்டினார். அதுபற்றியே 2024ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு நியமக் கழகத்தார் வேறொரு கணக்கின் அருமையைச் சார்ந்த முறையை வகுத்து வெளியிட்டனர். அக்கணக்கும் அரிதென்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.