பெட்டியில் மீண்ட பேரறிஞர்

ஆலந்து நாட்டின் டெல்ப்ட் நகரில் 1583-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹூகோ குரோஷியஸ். 11-ஆம் வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகம் புகுந்த அவர், வழக்கறிஞராகிப் பின்னர் ராட்டர்டாம் நகரின் சட்ட அறிவுரையாளராக உயர்ந்தார்.

அந்நாளில் சமயப் பூசல் அரசியலிலும் புகுந்தது. மாறுபட்ட சமயக் கருத்தினரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற முதியவர் ஓல்டன்பார்னபெல்ட்டின் பக்கம் நின்றார் குரோஷியஸ். இளவரசர் மாரிஸின் கட்சியே வென்றது. 1619-இல் முதியவர் கொலைத்தண்டனை பெற்றார். குரோஷியசுக்கு வாழ்நாட் சிறை.

லூவெஸ்டைன் கோட்டைச் சிறைக்குள் அவருக்கு நூல்கள் பெரியதொரு பெட்டியில் வந்து போயின. நாளடைவில் காவலர் அதனைச் சோதியாது விட்டனர். உடனிருந்த மனைவி மரியா இதனைக் கூர்ந்து நோக்கினார். 1621 மார்ச்சு 22 அன்று கணவரை அப்பெட்டியுள் வைத்துப் பூட்டி, நூல்கள் என்று சொல்லி அனுப்பினார். தாம் சிறையிலேயே தங்கினார். பணிப்பெண் பெட்டியுடன் சென்றாள். இவ்விரு பெண்களின் துணிவுக்கு ஐரோப்பா கடன்பட்டது.

பாரிசை அடைந்த குரோஷியஸ், போர், அமைதி ஆகியவற்றின் சட்டம் பற்றிய இலத்தீன் நூலை 1625-இல் வெளியிட்டார். முப்பதாண்டுப் போர் ஊர்களை அழித்துவந்த காலம் அது. போரிடும் மன்னரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவரே என அந்நூல் வாதிட்டது.

தாய்நாடு அவரை மீண்டும் ஏற்கவில்லை. சுவீடனின் தூதராகப் பாரிசில் பத்தாண்டு பணியாற்றினார். 1645-இல் கடற்பயணத்தில் புயலுக்குத் தப்பிக் கரையேறியவர், ராஸ்டாக் நகரில் உயிர்நீத்தார். அவருடைய உடல் டெல்ப்ட் நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.