மூன்று முறை ஊரைவிட்டுக் கிளம்பியும் போக முடியாத பங்குத்தந்தை: யார் இந்த ஜான் மரிய வியான்னி?

ஆகஸ்ட் 4-ம் தேதி உங்க ஏரியா கத்தோலிக்கத் தேவாலயம் பக்கம் போனால், பங்குத்தந்தைக்கு மக்கள் வாழ்த்துச் சொல்வதைப் பார்த்திருக்கலாம். அது அவருடைய பிறந்தநாளாக இருக்கணும்னு அவசியம் இல்லை. 1859-ல் இதே தேதியில் பிரான்ஸில் இறந்துபோன ஒரு கிராமத்துச் சாமியாரின் நினைவு நாள் அது.

அவர் பெயர் ஜான் மரிய வியான்னி. உலகம் முழுக்க இருக்கும் பங்குத்தந்தையரின் பாதுகாவலர் என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்திருப்பது இவரைத்தான். ஆனால் இவர் பெரிய அறிஞர் கிடையாது. புதிய துறவற சபை எதையும் தொடங்கியவரும் கிடையாது. சுமார் 230 பேர் மட்டுமே இருந்த ஒரு குக்கிராமத்தில் 41 வருஷம் வேலை பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஊரைவிட்டும் மூன்று தடவை ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் பார்த்தார்.

அப்படிப்பட்டவரை ஏன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஜன்னலை மறைத்த வைக்கோல் வண்டி

1786 மே 8-ம் தேதி, லியோன் நகருக்குப் பக்கத்தில் உள்ள தார்தில்லி கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் வியான்னி. ஆறு பிள்ளைகளில் ஒருவர். சின்ன வயதில் ஆடு மாடு மேய்ப்பதும் வயல் வேலையும்தான் வாழ்க்கை.

அவருக்கு 3 வயதாகும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. குருக்கள் எல்லாரும் புதிய அரசின் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்கள் தலைமறைவானார்கள். பிடிபட்டால் சிறை, நாடு கடத்தல், சிலருக்குத் தலை போனது. வியான்னி குடும்பம் இருட்டில் நடந்துபோய், ரகசியமாக நடக்கும் பூசையில் கலந்துகொண்டது.

1799-ல் அவருக்குப் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு, ஒரு வீட்டுக்குள்தான் நடந்தது. உள்ளே எரியும் மெழுகுவர்த்தி வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னலுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தினார்கள். உயிரைப் பணயம் வைத்து வந்த அந்தச் சாமியார்களைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, தானும் ஒரு குருவாகணும்னு ஆசை வந்தது.

படிப்பு ஏறல, பட்டாளம் கூப்பிட்டது

ஆசை இருந்தாலும் பள்ளிப் படிப்பு சரியாக இல்லை. 20 வயதில்தான் எக்குல்லி ஊரின் பங்குத்தந்தை பல்லேயிடம் படிக்கச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் குருவாக வேண்டுமென்றால் லத்தீன் கட்டாயம். அது அவருக்குக் கொஞ்சமும் ஏறவில்லை.

இதற்கு நடுவில் 1809-ல் நெப்போலியன் படையில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. குருமாணவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் இவருக்கு அது கிடைக்கவில்லை. உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு எழுந்தவர், கிளம்ப வேண்டிய நேரத்தில் தேவாலயத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்ததால் தன் படையைத் தவறவிட்டார். பின்தொடர்ந்து போனபோது வழியில் சந்தித்த ஒருவர், இவரை லெ நோயே என்ற மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அது பட்டாளத்துக்குப் போகாமல் ஒளிந்திருப்பவர்களின் புகலிடம்.

அங்கே வேறு பெயரில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கும் மேல் தலைமறைவாக இருந்தார். சோதனைக்கு ஆள் வந்தால் வைக்கோலுக்குள் பதுங்கினார். சட்டப்படி பார்த்தால் அவர் தப்பியோடிய சிப்பாய். 1810-ல் நெப்போலியன் திருமணத்தை ஒட்டிப் பொதுமன்னிப்பு வந்தது. அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி படையில் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் வீடு திரும்ப முடிந்தது.

1813-ல் லியோன் குருமடத்தில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பல்லே விடவில்லை. தன்னுடனேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தார், மறைமாவட்ட அதிகாரிகளிடமும் பேசினார். படிப்பு குறைவுதான், பக்தியில் குறையில்லை என்று முடிவாகி, 1815 ஆகஸ்ட் 13-ல் கிரெனோபிள் நகரில் குருப்பட்டம் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் உடனே அனுமதி தரவில்லை. அது பாவசங்கீர்த்தனம் கேட்பது. தான் செய்த தவறுகளை ஒருவர் குருவிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கு இது. கேட்டதை அந்தக் குரு எந்தச் சூழலிலும் வெளியே சொல்லக்கூடாது. வியான்னிக்கு அந்த அளவு பக்குவமும் படிப்பும் போதுமா என்ற சந்தேகம் மேலிடத்துக்கு இருந்தது. சில மாதம் கழித்துத்தான் அனுமதி கிடைத்தது. அவரிடம் முதலில் வந்து பாவசங்கீர்த்தனம் செய்தவர், அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பல்லேதான்.

ஆர்ஸ்: யாருக்கும் வேண்டாத ஊர்

பல்லே 1817 டிசம்பரில் இறந்தார். 1818 பிப்ரவரியில் வியான்னியை ஆர்ஸ் என்ற கிராமத்துக்கு அனுப்பினார்கள். லியோனுக்கு வடக்கே 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், ஆடு மேய்த்த ஒரு சிறுவனிடம் வழி கேட்டுத்தான் வந்து சேர்ந்தார்.

புரட்சிக்குப் பிறகு அந்த ஊரில் தேவாலயத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வயல் வேலை, சாயந்திரம் சாராயக்கடை, நடனம். புதுச் சாமியார் இவை எல்லாவற்றையும் எதிர்த்தார். நடனத்தை விட மாட்டேன் என்றவர்களுக்குப் பாவமன்னிப்பையே தள்ளிப்போட்டார். இன்றைக்குப் பார்த்தால் ரொம்பக் கறார்தான். ஊரிலும் பலருக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பற்றி அசிங்கமான வதந்திகளைக் கிளப்பினார்கள். வருஷங்கள் போகப் போகத்தான் அந்தக் கண்டிப்பு குறைந்து கனிவு கூடியது.

இத்தனை கறாராக இருந்தும் ஊர் அவர் பக்கம் திரும்பியதற்குக் காரணம், அவர் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாததுதான். ஒரு பானை உருளைக்கிழங்கை அவித்து வைத்து, அதையே பல நாள் ஆறிப்போன பிறகும் சாப்பிட்டார். மெத்தையைக்கூட ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். பின்னாளில் ஆயர் கௌரவமாகப் போர்த்திய மேலாடையை 50 பிராங்குக்கு விற்று தர்மத்துக்குக் கொடுத்தார்.

1824-ல் உள்ளூர்ப் பெண்கள் இருவர் துணையுடன் ஏழைச் சிறுமிகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு அதுவே வீடாகவும் ஆனது. அங்கே அவர் எளிய பேச்சுவழக்கில் நடத்திய ஞானோபதேச வகுப்பைக் கேட்கப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

ரயில் நிலையத்தில் தனி கவுண்டர்

எந்த வேலைக்கு உடனே அனுமதி தரவில்லையோ, அதற்காகவே மக்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்து ஊர்க்காரர்கள். அப்புறம் பிரான்ஸ் முழுக்க இருந்து. 1855 வாக்கில் வருஷத்துக்குச் சுமார் 20,000 பேர் ஆர்ஸுக்கு வந்தார்கள். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸ் போகிறவர்களுக்கென்றே தனி டிக்கெட் கவுண்டர் திறந்தார்கள். போய்வரும் டிக்கெட்டுக்கு எட்டு நாள் அவகாசம். ஏன்னா, வரிசையில் நின்று அவரைப் பார்க்கவே சிலருக்கு நாள்கணக்கில் ஆகும்.

நள்ளிரவு தாண்டியதுமே எழுந்து தேவாலயத்துக்குப் போய்விடுவார். குளிர்காலத்தில் நாளுக்கு 11, 12 மணி நேரம், கோடையில் 16 மணி நேரம் வரை அந்த மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து, வந்தவர்கள் பாரத்தை இறக்கி வைப்பதைக் கேட்டார். கோடையில் உள்ளே மூச்சு முட்டும், குளிர்காலத்தில் கால் விறைத்துப்போகும்.

எல்லா குருக்களும் இதை ரசிக்கவில்லை. படிக்காத ஒருவரிடம் தங்கள் பங்கு மக்கள் ஓடுகிறார்களே என்று சிலருக்குக் கோபம். இவர் இந்தப் பணிக்குத் தகுதியில்லாதவர் என்று ஒரு புகார்க் கடிதம் சுற்றுக்கு விட்டார்கள். அது கைமாறி வியான்னியிடமே வந்து சேர்ந்தது. படித்துப் பார்த்துவிட்டு, தானும் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அது கிண்டலுக்குச் செய்தது கிடையாது. தனக்கு இந்தத் தகுதி இல்லை என்று அவர் உண்மையிலேயே நம்பினார். ஊரைவிட்டுக் கிளம்பியதற்குக் காரணமும் இதுதான்.

கிளம்பினார், திரும்பினார்

எங்காவது தனிமையில் இருந்து தன் பாவங்களுக்காக அழ வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 1840-ல் ஒருநாள் இரவு கிளம்பி, பாதி வழியில் மனசு கேட்காமல் திரும்பி வந்தார்.

1843-ல் சாவின் விளிம்பு வரை போன நோயிலிருந்து எழுந்தவர், சொந்த ஊரான தார்தில்லிக்கே போய்விட்டார். வரிசையில் நின்ற கூட்டம் அங்கேயும் தேடி வந்தது. சில நாளில் ஆர்ஸ் திரும்பினார்.

1853-ல் மூன்றாவது முறை. இந்தத் தடவை விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. நடுராத்திரியில் கோயில் மணியை அடித்து ஊரையே எழுப்பினார்கள். மக்கள் வழியை மறித்து அழுதார்கள். 67 வயது மனிதர் திரும்பி நடந்து, மறுபடியும் அந்த மரக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

கடைசி வரை அதே இருக்கை

1855-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது அறிவித்தது. அதை அவர் ஒருபோதும் அணிந்ததில்லை. 1859 ஜூலை மாதக் கடும் வெயிலிலும் பாவசங்கீர்த்தனம் கேட்டார். மாதக் கடைசியில் படுக்கையில் விழுந்தவர், ஆகஸ்ட் 4 அதிகாலையில் இறந்தார். வயது 73.

1905-ல் முத்திப்பேறு பட்டம், 1925 மே 31-ல் புனிதர் பட்டம். 1929-ல் பங்குத்தந்தையர் அனைவருக்கும் பாதுகாவலர். அவருடைய 150-வது நினைவு ஆண்டை ஒட்டி 2009-10-ஐ குருக்கள் ஆண்டாக அறிவித்தார் அன்றைய போப் 16-ம் பெனடிக்ட்.

ஆர்ஸில் அவருடைய பழைய சின்னத் தேவாலயத்தை இடிக்கவில்லை. அதை ஒட்டியே பெரிய பேராலயத்தைக் கட்டினார்கள். அவர் உடல் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அவர் தினமும் உட்கார்ந்த பாவசங்கீர்த்தன இருக்கையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். மூன்று முறை எழுந்து போகப் பார்த்து, திரும்பத் திரும்ப வந்து அவர் உட்கார்ந்த இடம் அதுதான்.