கல்லைப் படித்த கொல்லர் மகன்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஜில்லாவில், காட்ஸ்வோல்டு குன்றுகளின் ஓரமாகச் சர்ச்சில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பால் பண்ணைகளில் வெண்ணெய் நிறுக்க ஒரு விசித்திரமான எடைக்கல்லை உபயோகித்தார்கள். அது கடையில் வாங்கியது அல்ல. வயலில் கிடைத்த கல். பன் ரொட்டியைப் போல வட்டமாக, மேலே உப்பி இருக்கும். அதன் மீது நட்சத்திரம் போல ஐந்து கோடுகள் ஓடும். அநேகமாக எல்லாம் ஒரே அளவு. அதனால் அதற்குப் பவுண்டுக் கல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊரார் அதில் வெண்ணெயை நிறுத்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் அந்தக் கல்லையே உற்றுப் பார்த்தான். குன்றின் மேல் உள்ள மண்ணில், அச்சில் வார்த்தது போல இத்தனை கற்கள் எப்படி வந்தன?

அந்தச் சிறுவன்தான் வில்லியம் ஸ்மித். ஒரு தேசத்தின் அடிநிலம் முழுவதையும் முதன்முதலாகப் படமாகத் தீட்டியவர். இங்கிலாந்தின் பூகர்ப்ப சாஸ்திரத்துக்குத் தந்தை என்று புகழ் பெற்றவர். கடனுக்காகச் சிறையில் கிடந்தவரும் அவரே!

கொல்லுப்பட்டறைப் பிள்ளை

ஸ்மித் 1769-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி பிறந்தார். தந்தை கொல்லுப்பட்டறை நடத்தி வந்தார். மகனுக்கு எட்டு வயதானபோது அவர் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டாள். தந்தையின் சகோதரர் வீட்டில் பையன் வளர்ந்தான். கிராமப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் கோலி விளையாடியதும் கற்களால்தான். அவை கோலிக்குண்டு அளவில் உருண்டையாக, இரண்டு மூடி சேர்ந்த கிளிஞ்சல் போல இருந்தன. உண்மையில் அவை ஒருவகைக் கிளிஞ்சல்களே. வெண்ணெய் நிறுத்த கல்லும் முள் நிறைந்த ஒரு கடல் பிராணியின் ஓடுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பிரதேசம் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலாக இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்பு இறுகிப் பாறையாயிற்று. செத்த பிராணிகளின் ஓடுகளும் அதற்குள் கல்லாகிவிட்டன. பிறகு நிலம் மேலே எழும்பிக் குன்றாயிற்று.

1787-ம் ஆண்டு எட்வர்டு வெப் என்ற சர்வேயர் சர்ச்சிலுக்கு நிலம் அளக்க வந்தார். 18 வயது ஸ்மித்தை உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார். கொல்லர் மகன் கையில் சம்மட்டிக்குப் பதிலாக அளவுச் சங்கிலி வந்தது.

பூமிக்குள் ஒரு வரிசை

1791-ம் ஆண்டு ஸ்மித் சோமர்செட் ஜில்லாவுக்குச் சென்றார். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அளவு வேலைக்காக அவற்றில் இறங்கினார். இறங்கும்போது சுவரில் மண்ணும் கல்லும் அடுக்கடுக்காக மாறுவதைக் கண்டார். அதற்குக் கீழே எது வரும், அதற்கும் கீழே எது வரும் என்று சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தெரியும். ஆனால் அவரவர் சுரங்கத்தோடு அந்த அறிவு நின்றுவிட்டது. நாடு முழுவதும் இதே வரிசை இருக்குமோ என்று ஸ்மித் நினைத்தார்.

சந்தர்ப்பம் தேடி வந்தது. நிலக்கரியைப் படகில் கொண்டுபோகக் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். ஸ்மித் அதற்கு சர்வேயர் ஆனார். மைல் கணக்கில் நிலத்தைக் கீறியபோது பாறை அடுக்குகள் அப்படியே தெரிந்தன. அவை சமமாகக் கிடக்கவில்லை. சாய்த்து அடுக்கிய கணக்கு நோட்டுகளைப் போலக் கிழக்கே சரிந்திருந்தன.

ஆனால் ஒரு சிக்கல். இரண்டு வேறு அடுக்குகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். களிமண் களிமண்தானே! எதை எதென்று எப்படிச் சொல்வது?

அங்கேதான் சிறுவயதுக் கிளிஞ்சல்கள் கை கொடுத்தன. ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய ஓடுகள் இருந்தன. மேல் அடுக்கில் இருப்பது கீழ் அடுக்கில் இல்லை. ஆகவே கிளிஞ்சலைக் காட்டினால் அது எந்த அடுக்கு என்று சொல்லிவிடலாம். 1796-ம் ஆண்டிலேயே ஸ்மித் இதைக் குறித்து வைத்தார். பாதிரிமார் இருவர் பாறைகளில் கிடைக்கும் ஓடுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவை எந்த அடுக்கைச் சேர்ந்தவை என்று ஸ்மித் பிரித்துக் காட்டியபோது அவர்கள் திகைத்துப் போனார்கள். 1799-ம் ஆண்டு, பாத் நகரில் அவர்களில் ஒருவருடைய வீட்டில் உட்கார்ந்து, 23 அடுக்குகளின் பட்டியலை ஸ்மித் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதினார். அந்தப் பட்டியல் பிரதியெடுக்கப்பட்டுப் பலர் கைக்குப் போயிற்று.

அதே ஆண்டில் கால்வாய் வேலை போய்விட்டது. ஸ்மித் ஊர் ஊராகச் சென்று நிலத்துக்கு வடிகால் அமைத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். சுண்ணாம்புக் கல் வழியாக மழைநீர் இறங்கிவிடும். களிமண்ணைத் தொட்டதும் நின்று ஊற்றாக வெளியே வரும். அடுக்குகளை அறிந்தவருக்கு நீர் போகும் வழியும் தெரியும். 1810-ம் ஆண்டு பாத் நகரின் பிரசித்தி பெற்ற வெந்நீர் ஊற்று வற்றியபோது, அதைச் சரிசெய்து ஓடவிட்டவரும் ஸ்மித்தான்.

தேன் நிறக் கல்

பாத் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஒருவகைச் சுண்ணாம்புக் கல் கிடைக்கிறது. தேன் நிறம். உற்றுப் பார்த்தால் மீன் முட்டை போலப் பொடி உருண்டைகள் தெரியும். பூமியிலிருந்து எடுத்தவுடன் ஈரமும் மிருதுவுமாக இருக்கும். மரத்தைப் போல ரம்பத்தால் அறுக்கலாம். காற்றில் உலர உலர இறுகிவிடும். எந்தப் பக்கமாக அறுத்தாலும் பிளந்து போகாது.

கூம் டவுன் குன்றில் இந்தக் கல்லை ஏராளமாக எடுத்தார்கள். மலையைக் குடைந்து உள்ளே போவார்கள். தொழிலாளி முதலில் நீளக் காம்புள்ள கோடாலியால் கூரைக்கு அடியில் ஒரு பிளவு வெட்டுவான். பிறகு ரம்பத்தை விட்டுக் கீழ்நோக்கி அறுத்துக் கட்டி கட்டியாகப் பெயர்ப்பான். மலை தலைமேல் விழாமல் இருக்க இடையிடையே கல் தூண்களை விட்டுவைப்பார்கள். ஸ்மித்துக்கு முன்பே ரால்ப் ஆலன் என்ற செல்வர் இந்தக் குன்றிலிருந்து மர ரயில் பாதை போட்டுக் கல்லை இறக்கினார். பாத் நகரின் அழகிய வீதிகள் எல்லாம் இந்தக் கல்தான்.

ஸ்மித் 1798-ம் ஆண்டில் அந்தக் குன்றடியில் ஒரு சிறிய நிலம் வாங்கியிருந்தார். பின்னர் தாமும் ஒரு கல் குவாரி திறந்தார். கல்லை இறக்க ரயில் பாதை, அறுக்க ஆலை, ஏற்றிச் செல்லப் பக்கத்திலேயே கால்வாய். கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மலைக்குள்ளே போகப் போகக் கல் மட்டமாக வந்தது. வாங்குவார் இல்லை. கல்லின் குணத்தை அவரைவிட அறிந்தவர் இங்கிலாந்தில் இல்லை. அவருடைய குவாரியே அவர் காலை வாரிவிட்டது!

எட்டரை அடிப் படம்

குவாரியில் பணம் கரைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் ஸ்மித் தம் வாழ்நாள் வேலையை முடித்தார். அடுக்குகளைத் தேடி அவர் கோச்சு வண்டியிலும் குதிரையிலும் நடந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல் அலைந்திருந்தார். 1815-ம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி ஆகியவற்றின் பாறைப் படம் வெளிவந்தது. உயரம் சுமார் எட்டரை அடி. அகலம் ஆறு அடி. ஓர் அங்குலத்துக்கு ஐந்து மைல். சீமைச் சுண்ணப் பாறைக்குப் பச்சை, பாத் கல் போன்ற சுண்ணாம்புக் கல்லுக்கு மஞ்சள் என்று ஒவ்வொரு படமும் கையால் வர்ணம் தீட்டப்பட்டது. சுமார் 400 படங்கள் தயாராயின. எங்கே தோண்டினால் நிலக்கரி கிடைக்கும், எங்கே தோண்டுவது வீண் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் பெரிய மனிதர்கள் கூடிய பூகர்ப்பச் சங்கத்தில் கொல்லர் மகனுக்கு இடம் இல்லை. 1807-ம் ஆண்டு ஏற்பட்ட அந்தச் சங்கம் ஸ்மித்தின் வேலையைப் பயன்படுத்திக்கொண்டு, தானும் ஒரு படம் தயாரிக்க முனைந்தது. அது 1820-ம் ஆண்டு வெளிவந்தது. போட்டிப் படம் வரப்போகிறது என்றால், அதிக விலை கொடுத்து ஸ்மித்தின் படத்தை யார் வாங்குவார்கள்?

கடன் கழுத்தை நெரித்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த 2,000-க்கு மேற்பட்ட கிளிஞ்சல், ஓடுகளைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றார். சுமார் 700 பவுன் கிடைத்தது. போதவில்லை. 1819-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி அவரைக் கடன்காரர் சிறையில் அடைத்தார்கள். ஆகஸ்டு 31-ந் தேதி விடுதலை. திரும்பி வந்தபோது லண்டன் வீடு ஜப்தியாகியிருந்தது. அப்போது அவருக்கு வயது 50. மனைவிக்கோ சித்தம் சரியில்லை. பெற்றோரை இழந்து அவரிடம் வளர்ந்த சகோதரி மகன் ஜான் பிலிப்ஸ் மட்டுமே துணை. வடக்கே யார்க்ஷயருக்குப் புறப்பட்டார்கள்.

வந்து சேர்ந்த பெருமை

யார்க்ஷயரில் ஸ்மித் மீண்டும் கற்களைத் தேடினார், நிலம் அளந்தார், பிரசங்கங்கள் செய்தார். 1829-ம் ஆண்டு ஸ்கார்பரோ நகரில் அவருடைய யோசனைப்படி வட்டமான ஒரு மியூசியம் எழும்பியது. அடுக்குகள் பூமியில் இருக்கும் வரிசைப்படியே அங்கே கிளிஞ்சல்களை வைத்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் மியூசியமாக இருக்கிறது.

காலம் மாறியது. பூகர்ப்பச் சங்கத்தில் புதிய தலைமுறை வந்தது. 1831-ம் ஆண்டு அந்தச் சங்கம் முதல் உல்லாஸ்டன் பதக்கத்தை ஸ்மித்துக்கே அளித்தது. இங்கிலாந்தின் பூகர்ப்ப சாஸ்திரத்துக்குத் தந்தை என்று சங்கத் தலைவர் ஆடம் செட்விக் அவரைப் போற்றினார். 1832-ம் ஆண்டு அரசாங்கம் வருஷத்துக்கு 100 பவுன் பென்ஷன் கொடுத்தது. 1835-ம் ஆண்டு டப்ளின் டிரினிடி கல்லூரி டாக்டர் பட்டம் வழங்கியது.

கடைசி வேலையும் கல் வேலைதான். 1834-ம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டு கட்டடம் தீக்கிரையாயிற்று. புதிய கட்டடத்துக்குக் கல் தேர்ந்தெடுக்க 1838-ம் ஆண்டு ஒரு குழு குவாரி குவாரியாகச் சுற்றியது. ஸ்மித் அதில் ஓர் அங்கத்தினர். மக்னீஷியம் கலந்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லைக் குழு சிபாரிசு செய்தது. சிபாரிசு செய்த இடத்தில் பெரிய கட்டிகள் கிடைக்காததால், அதே இனத்துக் கல்லை வேறு குவாரியிலிருந்து எடுத்தார்கள். லண்டன் கரிப்புகையில் அது சீக்கிரமே உதிரத் தொடங்கியது. 20-ம் நூற்றாண்டில் கிளிப்ஷாம் என்ற ஊரின் சுண்ணாம்புக் கல்லை வைத்துப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. ஸ்மித் அதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. ஒரு விஞ்ஞான மகாநாட்டுக்குப் போகும் வழியில், 1839-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி, நார்த்தாம்ப்டன் நகரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவரிடம் வளர்ந்த ஜான் பிலிப்ஸ் பின்னர் ஆக்ஸ்போர்டில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியரானார். மாமாவின் வரலாற்றையும் எழுதினார்.

ஸ்மித் காட்டிய வழி கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. அரியலூர், திருச்சிப் பகுதியிலும் கடல் இருந்தது. அங்கே உள்ள சுண்ணாம்புக் கல்லிலும் கிளிஞ்சல்கள் நிறைய உண்டு. பிளான்போர்டு என்ற ஆராய்ச்சியாளர் அவற்றை ஆராய்ந்து, அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று பிரிவாக 1862-ம் ஆண்டில் வகுத்தார். அந்தக் கல்லைத்தான் இன்று சிமெண்டுக்காக வெட்டி எடுக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் காலடியில் கிடக்கும் கல்லைக் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம். சர்ச்சில் கிராமத்துச் சிறுவன் செய்த முதல் காரியமும் அதுதான்.