சுவிசேடக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார்

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவின்போது எங்கள் பாடகர் குழுவுக்கு ஓர் ஆசை பிறந்தது. காணிக்கைப் பவனியின்போது வழக்கமான பாட்டுக்குப் பதிலாகக் கும்மி அடித்துப் பாடலாமே என்று எண்ணினோம். ஆர்மோனியத்துக்குத் தடையில்லை, மிருதங்கத்துக்கும் தடையில்லை. ஆனால் கும்மி என்றதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். அது வீட்டு முற்றத்துக்கும் களத்துமேட்டுக்கும் உரியதேயன்றிக் கோயிலுக்கு ஏற்றதன்று என்பது அவர்கள் கருத்து. இறுதியில் பூசை முடிந்தபின் வெளியே குடிலின் அருகே அடித்துவிட்டு வீடு திரும்பினோம். எங்கள் மனவாட்டத்தைக் கண்ட சகோதரி ஒருவர், இந்த வழக்கு இருநூறு ஆண்டுப் பழையது என்று கூறி ஒரு பெயரைச் சொன்னார். அதுவே வேதநாயக சாஸ்திரியார் என்னும் பெயர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர், 1826-இல் பிறந்தவர். நாம் இங்கே சொல்லப்போகும் சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். எங்களில் பாதிப் பேர் இருவரையும் ஒருவரென்றே இதுவரை எண்ணியிருந்தோம்!

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் ஓர் உபதேசியார். தஞ்சையிலிருந்து நெல்லைக்கு வந்த ஜெர்மானியக் குருவாகிய சுவார்ட்ஸ் ஐயர், சிறுவனின் கூர்மதியைக் கண்டு 1785-ஆம் ஆண்டளவில் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவருடன் பயின்ற மாணவர், பின்னாளில் தஞ்சை மன்னராகிய இரண்டாம் சரபோஜி. பின்னர்த் தரங்கம்பாடியில் ஜான் ஐயரிடம் வேதநூலோடு வானநூலையும் கற்றுத் தேர்ந்தார். இளம் வயதிலேயே தஞ்சையில் தலைமையாசிரியர் ஆனார்.

அக்காலத்தில் அச்சபையாரின் ஞாயிறு ஆராதனை எவ்வாறு இருந்தது? பாட்டுகள் தமிழ்ப் பாட்டுகளே. மெட்டுகளோ ஜெர்மானிய மெட்டுகள். அம்மெட்டுக்குத் தக்கபடி தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்புவார்கள். குறில் இருக்க வேண்டிய இடத்தில் நெட்டிசை வரும். சொல் நடுவே உடையும். நாங்களே ஒருநாள் பயிற்சி வேளையில் இப்படி ஒன்றைப் பாடிப் பார்த்தோம். ஓர் அடி முடிவதற்குள் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், அக்காலத்துப் பாட்டியர் வாரந்தோறும் எவ்வளவு பக்தியோடு இதைப் பாடினார்களோ! வெளியே தஞ்சைத் தெருக்களிலோ கீர்த்தனையும் குறவஞ்சியும் நொண்டி நாடகமும் ஒலித்தன.

அந்தத் தெருவுக்கும் கோயிலுக்கும் இடையே இருந்த கதவைச் சாஸ்திரியார் திறந்தார். உழவர் நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டைக் கேட்டார். ஞான ஏற்றப்பாட்டு பிறந்தது. களவு செய்து கால் இழந்தவன் இறையருளால் மீண்டும் நடை பெறுவது பழைய நொண்டி நாடகக் கதை. அதனைக் கொண்டு ஞான நொண்டி நாடகம் இயற்றினார். நோவாவின் பேழையைப் பாட ஞானத்தச்ச நாடகம் எழுந்தது. மூடநம்பிக்கைகளைச் சாட எழுந்ததோ சாஸ்திரக் கும்மி. ஆம், கும்மிதான்! இதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ?

இவற்றுள் தலைசிறந்தது 1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. சீயோன் குமாரியாகிய தலைவி பெத்லகேம் நாதர்மேல் அன்பு கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். அக்குறத்தி வேறு யாருமல்லள், விசுவாசமே. சிங்கன் வலை வீசுவதும் பறவைக்காக அன்று, ஆத்துமாக்களுக்காக. இடையிலே பூமி கதிரவனைச் சுற்றி வருகிறது என்னும் கோப்பர்நிக்கசின் கொள்கையும் பாட்டாக வருகிறது. நம் வகுப்புப் பாடங்களையும் யாரேனும் இப்படிக் குறத்தி வாயிலாகச் சொல்லித் தந்தால் மதிப்பெண் கூடுமே என்று தோன்றியது.

மக்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை அவருடைய கீர்த்தனைகளே. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் ஒரு வசதி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பல்லவியைப் பிடித்துக்கொள்வர். பாடகர் சரணத்தில் கதையை விரிப்பார். மீண்டும் எல்லாரும் பல்லவிக்கு வருவர். இவ்வாறே வேதாகம வரலாறுகளைக் காலட்சேபமாக ஊர் ஊராகச் சென்று பாடினார். அவருடைய மகள் ஞானதீபமும் இசை கற்றுத் தந்தையாருடன் பாடினார். பெண்கள் பொது இடத்தில் பாடுவது அரிதாயிருந்த அந்நாளில், தஞ்சையில் ஒரு கிறிஸ்தவப் பெண் சபை நடுவே நின்று பாடினார் என்பதை மாணவியராகிய நாங்கள் இருமுறை படித்தோம். சபையார் சாஸ்திரியாருக்குச் சுவிசேடக் கவிராயர் என்னும் பட்டம் சூட்டினர்.

சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் இறைவனடி சேர்ந்தார். பின்னாளில் வந்த புதிய குருமார் வேறு எண்ணம் கொண்டிருந்தனர். தமிழ் இசையை ஆராதனையில் விலக்கினர். திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்கள் கூடாதென்றனர். வழக்கத்திலிருந்த வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினர். எல்லாச் சாதியாரும் கலந்து அமர்ந்து நற்கருணை பெற வேண்டுமென்றனர். இந்நான்கையும் கொடுமைகள் என்று எண்ணிச் சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார்.

இவ்விடத்தில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பாட்டுக்காகவும் பூவுக்காகவும் அவர் போராடியதை மெச்சினோம். ஆனால் நான்காவது காரியத்தில் அவர் பக்கம் நிற்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆண்டவரின் பந்தியில் தனித்தனி இடம் கேட்பது எங்ஙனம் சரியாகும்? தமிழருடைய வழக்கம் என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. அவ்வளவு பாடியவருக்கு இது தெரியாமற் போனதே என்று வருந்தினோம். பெரியோர் வரலாற்றில் இதனை மறைத்து எழுதலாமா என்றும் யோசித்தோம். மறைக்க வேண்டாம் என்றே முடிவு செய்தோம்.

பிணக்கு முற்றி, 1829-இல் அவர் தம் பதவியை இழந்தார். அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் பழைய பள்ளித்தோழரே. இந்து மன்னராகிய சரபோஜி, கிறிஸ்துவைப் பாடும் கவிஞரைத் தம் அவைப்புலவராக வைத்துக்கொண்டார். அந்த நிழலும் நெடுநாள் நீடிக்கவில்லை; மன்னர் 1832-இல் காலமானார். அதன்பின் பல ஆண்டுகள் வறுமையிலும் பாட்டை விடாமல் வாழ்ந்தார் சாஸ்திரியார்.

1852-இல், எழுபத்தெட்டாம் வயதில், திண்டுக்கல்லுக்கு வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர். முதியவர் பாட, வெப் ஐயர் கேட்டு வியந்தார். சபையாருக்கும் கற்பிக்கச் செய்தார். மறு ஆண்டே, 1853-இல், சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பெருமளவில் கொண்ட பாட்டுப் புத்தகம் பொது ஆராதனைக்கென்றே அச்சாகி வெளிவந்தது. எந்தப் பாட்டுக்காகத் தஞ்சையில் பதவி போயிற்றோ, அந்தப் பாட்டே புத்தகமாகி ஆலயத்துக்குள் வந்தது. அதைக் கண்ணாரக் கண்டபின் பதினோராண்டுகள் வாழ்ந்து, 1864 ஜனவரி 24-ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய மங்களப் பாட்டு இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர் திருமணங்களில் ஒலிக்கிறது.

நம் கத்தோலிக்கத் திருச்சபையில் பூசை நெடுங்காலம் இலத்தீனிலேயே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்ட பின்னரே தாய்மொழிக்கு வழி பிறந்தது; அந்தந்த நாட்டு மக்களின் இசைக்கும் உரிய இடம் தர வேண்டும் என்று அதே சாசனம் கூறுகிறது. நம் ஓசூரிலோ தாய்மொழி ஒன்றா இரண்டா? தொழிற்சாலைகளை நாடி வந்த குடும்பங்களால் எங்கள் பாடகர் குழுவிலேயே தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசும் தோழியர் உள்ளனர். கும்மி மெட்டு எல்லாருக்கும் ஒரே நாளில் வந்துவிட்டது என்பதே எங்களுக்கு வியப்பு.

இந்தக் கட்டுரையின் படி ஒன்றைப் பங்குத்தந்தையிடம் கொடுத்திருக்கிறோம். புன்முறுவல் பூத்தார்; இன்னும் விடை சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் பயிற்சி மட்டும் நடந்து வருகிறது.