நகரா விசை தந்த முத்தையா

லாகின் திரையில தட்டுறீங்க, பாஸ்வேர்டு கட்டத்துல ஒண்ணுமே விழல. கீபோர்டு செத்துப்போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, ஆர். முத்தையாவைத் தெரிஞ்சுக்கோங்க மக்களே.

1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். மலேயா போய், பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஆங்கிலத்துக்கு இருக்கிற மாதிரி தமிழுக்கும் ஒரு தட்டச்சு மெஷின் செய்யணும்னு இறங்கினார். சிக்கல் என்னன்னா, தமிழ் எழுத்து 247. மெஷினில் விசைகள் ஐம்பதுகூடத் தேறாது.

முத்தையா எழுத்துகளைப் பிரிச்சுப் பார்த்தார். கொம்பு, கால், புள்ளி மாதிரி பொதுவான குறிகளைத் தனி விசையாக்கினார். ஆனா புள்ளி எழுத்தோட தலையிலேயே உட்காரணுமே? அதுக்குத்தான் நகரா விசை. புள்ளியைத் தட்டினா, காகிதத்தைப் பிடிச்சிருக்கிற உருளை நகராது. அடுத்துத் தட்டுற 'க' அதே இடத்தில் விழுந்து 'க்' ஆகிடும். ஜெர்மனியின் ஸைடல் அண்ட் நௌமான் நிறுவனம் இந்த மெஷினைத் தயாரிச்சுக் கொடுத்தது.

வேலூர், ஆம்பூர் பக்கம் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் முடிச்ச அக்கா யாராவது இருந்தா கேளுங்க. புள்ளிதான் முதல்லன்னு விரலே சொல்லும்.

நகராத விசை எல்லாம் பழுதான விசை இல்லை. உங்க லாகினிலும் அப்படி இருக்கலாம். விண்டோஸில் வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடிச்சா ஃபில்டர் கீஸ் ஆன் ஆகிடும். லேசா தட்டினா எதுவும் ஏறாது. மறுபடி 8 விநாடி பிடிங்க. அப்பவும் மசியலையா? வேற யூஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்க. நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூன்னா, வலது கீழ் மூலையில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு இருக்கு. மவுஸாலேயே உள்ளே போயிடலாம்.